கணக்காசிரியருக்குத் துணை நின்றவர் யார்?
ஒரு வரலாற்று நோக்கு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு செயற்குழுவினர் பணித்தபோது, எப்பொருள் பற்றி எழுதுவது எனச் சில நாள் சிந்தித்தோம். நம் தலைவர்களின் தியாகத்தைப் பற்றியும், பொதுக்கிணற்றுக்காகவும் பொதுப்பாதைக்காகவும் நடந்த போராட்டங்களைப் பற்றியும் எழுத வல்லோர் பலர் இம்மலரில் உள்ளனர். ஆகவே நாம், பெரும்பாலோர் கவனியாது விட்ட ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டோம். தொடக்கப் பள்ளியின் ஐந்து வகுப்புகளில் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியரே அப்பொருள். அவரை யார் பயிற்றினர்? அவர் தடுமாறியபோது யார் துணை நின்றனர்? இவ்வினாக்களுக்கு வரலாறு கூறும் விடையை நம் இளைஞர் அறிந்துகொள்வது நலம் பயக்கும்.

பொருள் சிறிதாயினும் அதனால் விளைந்தவை சிறியன அல்ல. நம் முன்னோர் பலர் உழைப்பில் குறைந்தவரல்லர்; அறிவிலும் குறைந்தவரல்லர். ஆயினும் களத்துமேட்டில் மரக்கால் பிடித்தவன் கை பிறன் கையாக இருந்தது. கடன்சீட்டில் எழுதியவன் கையும் பிறன் கையாகவே இருந்தது. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு எவ்வளவு, அசலில் கழிந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்று தாமே போட்டுப் பார்க்க இயலாமையால், கைந்நாட்டு வைத்துவிட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் எத்தனையோ! எழுத்தறியாதவன் கடிதத்தைப் பிறரிடம் தந்து படிக்கச் சொல்லலாம். கணக்கறியாதவனோ தன் கூலியையே பிறனிடம் ஒப்படைத்துவிடுகிறான். எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னும் வைத்துப் பேசும் நம் தமிழ் மரபின் பொருள் இங்கே நன்கு விளங்கும்.

திண்ணைப் பள்ளியும் எண்சுவடியும்

ஆங்கிலேயர் வருகைக்கு முன்னர் தமிழகத்துச் சிற்றூர்களில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவது வழக்கம். எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலே கணக்குக் கல்வியின் அடிப்படை. பேரெண்களை மட்டுமன்றிக் கீழ்வாய் எண்களாகிய பின்னங்களையும் சிறுவர் மனப்பாடம் செய்தனர். கால், அரைக்கால், வீசம் என்பன முறையே நான்கில் ஒன்றும், எட்டில் ஒன்றும், பதினாறில் ஒன்றும் ஆகும். மா என்பது 20இல் ஒன்று. காணி 80இல் ஒன்று. முந்திரி 320இல் ஒன்று. நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் அளப்பதற்கு இக்கணக்கே போதுமானதாய் இருந்தது.

இப்பள்ளியில் ஆசிரியருக்கெனத் தனிப் பயிற்சி ஏதுமில்லை. தம் ஆசிரியர் தமக்கு எவ்வாறு கற்பித்தாரோ அவ்வாறே அவரும் கற்பித்தார். தேர்ந்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்கு முறை சொல்லிக்கொடுத்தான். நினைவாற்றல் பெரிதும் வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்திண்ணையில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. நம் மக்களிடையே எண்ணறிவு அறவே இல்லாதிருந்தது என்று கொள்ளுதலும் பிழையாகும். நாளும் கோளும் கணித்துச் சொன்ன வள்ளுவர்கள் நம்மவரே. களத்திலே நெல்லளந்தும், ஊர் எல்லையை அடையாளங்காட்டியும் நின்ற கைகளும் நம்முடையவையே. அவ்வறிவு தொழிலோடு தங்கிற்று; பள்ளிக் கல்வியாக மாறிப் பிள்ளைகள் அனைவருக்கும் சென்று சேரவில்லை.

எழும்பூரில் பிறந்த முறை

1789ஆம் ஆண்டு, சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றன் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ஏற்றார். தமிழ்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதையும், மூத்தவர் இளையவர்க்குக் கற்பிப்பதையும் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதனை விரும்பவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் இளையோர் வகுப்பை ஒப்படைத்தார். அது வெற்றி பெற்றது. தாயகம் திரும்பிய பெல், 1797இல் இதனை விளக்கி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இத்தகைய முறையொன்றை இலண்டனில் நடத்தினார். 'சென்னை முறை' என்னும் பெயரால் இது பல நாடுகளிலும் பரவிற்று.

நம் திண்ணைப் பள்ளியின் வழக்கம் உலகுக்கே வழிகாட்டியது என்று நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆயினும் இதிலுள்ள குறையையும் காண வேண்டும். ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் ஒழுங்குபடுத்துவதே அம்முறையின் சிறப்பு. தனக்குத் தெரிந்த விடையைச் சிறுவன் பிறர்க்குச் சொல்லலாம். மற்றொரு சிறுவன் ஏன் தவறினான் என்று ஆராய அவனால் இயலுமோ? கணக்குக் கற்பித்தல் என்பது விடையைக் கடத்துதல் என்னும் கருத்து இவ்வாறு ஊன்றிவிட்டது.

மன்றோவின் கணக்கெடுப்பு

1822இல் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள் உள்ளன என்று கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் காண்கிறோம். மாகாணத்து மக்கள் தொகை அப்போது 1 கோடியே 28 இலட்சத்துக்கு மேல். ஆசிரியர் பொதுவாக மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுடையோரை இப்பணிக்கு ஈர்க்க அது போதாது என்றும் அவர் எழுதினார். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு பள்ளி வேண்டும் என்பதும் அவருடைய திட்டத்தில் இடம்பெற்றது. பள்ளியின் குறை ஆசிரியரின் வறுமையிலும் பயிற்சியின்மையிலும் உள்ளது என்று அரசின் சார்பில் ஒருவர் தெளிவாகக் கூறியது இங்கே நோக்கத்தக்கது. ஆனால் மறு ஆண்டே மன்றோ மறைந்தார்; அவர் திட்டமும் முழுமை பெறவில்லை.

1854ஆம் ஆண்டுக் கல்விக் குறிப்பாணை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை வலியுறுத்தியது. அதன் பின்னர் 1856இல் சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதுவே பின்னாளில் சைதாப்பேட்டைக் கல்லூரியாக வளர்ந்தது. பயிற்சி என்பது இவ்வாறு ஒரு நிலையான உருவம் பெற்றது.

ஆனால் உடன் ஒரு கேடும் வந்தது. இங்கிலாந்தில் 1862இல் புகுத்தப்பட்ட 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' என்னும் முறை, 1860களின் இறுதியில் சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது. ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். பிள்ளைகளிடம் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்கு மானியம் கிடைக்கும். இதன் விளைவை ஊகித்தறிதல் அரிதன்று. ஆய்வாளர் வழக்கமாகக் கேட்கும் கணக்குகளையே பிள்ளைகள் நெட்டுருப் போட்டனர். பிள்ளையின் தவறு ஆசிரியரின் சோற்றில் விழும் மண்ணாயிற்று. தவறு செய்யும் பிள்ளையைத் தடியால் திருத்தினரேயன்றித் தவற்றின் காரணத்தை யாரும் வினவவில்லை. வெளியிலிருந்து பள்ளிக்கு வருபவர் துணையாக வருபவர் அல்லர், குற்றங்காண வருபவர் என்னும் அச்சம் ஆசிரியர் உள்ளத்தில் வேரூன்றியது. மானிய முறை மறைந்துவிட்டது. அந்த அச்சம் இன்னும் முற்றிலும் மறையவில்லை.

நம் முதல் ஆசிரியர்கள்

1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், நம் மக்களின் நிலையைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தார். பண்ணைக் கடனால் மக்கள் கட்டுண்ட கொடுமை அதில் வெளிப்பட்டது. அதனைத் தொடர்ந்து எழுந்த விவாதங்களின் பயனாகவும், கிறித்தவச் சபையாரின் முறையீட்டாலும், 1893இல் சென்னை அரசு அன்று பஞ்சமர் எனப்பட்ட நம் பிள்ளைகளின் கல்விக்கென ஓர் ஆணை பிறப்பித்தது. தனிப் பள்ளிகளுக்கு மானியமும், ஆசிரியர் பயிற்சி பெற முன்வரும் நம் இளைஞருக்குச் சிறப்பு உதவித்தொகையும் அதில் இடம்பெற்றன. நம் பிள்ளைக்குக் கற்பிக்க நம்மவரே ஆசிரியராக வேண்டும் என்னும் எண்ணம் அரசாணையில் ஏறியது பெரிய திருப்பமாகும். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் நம் மக்களுக்கென இதழ் தொடங்கிய ஆண்டும் அதுவே.

1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றை நிறுவினார். பின்னர் மேலும் சில பள்ளிகள் தோன்றின. அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டுடன் தொடர்பு கொண்டிருந்த காலம் அது. இப்பள்ளிகளை மேற்பார்த்த செல்வி சாரா பாமர், திருமதி கோர்ட்ரைட் ஆகியோர், ஜெர்மானிய அறிஞர் ஃப்ரோபெல் வகுத்த குழந்தைத்தோட்ட முறையைப் புகுத்தினர். குச்சியையும் கட்டையையும் கையில் எடுத்து எண்ணிப் பார்த்துக் கற்கும் முறை அது. ஊரார் தீண்டத் தகாதவர் என்று ஒதுக்கிய பிள்ளைகளின் பள்ளியிலே, அந்நாளின் புதுமையான கற்பித்தல் முறை இடம்பெற்றது! அங்கே ஆசிரியர் தனித்து விடப்படவில்லை. முறையறிந்த ஒருவர் உடனிருந்து வழிகாட்டினார். நம் பிள்ளைகள் கற்றனர். குறை பிள்ளையிடம் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்காலத்தே எம்.சி. ராஜா அவர்களையும் நினைவுகூர்தல் கடமை. ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிப் பாடநூல்கள் எழுதிய அவர், சென்னைச் சட்டமன்றத்திலும் நம் குரலாய் ஒலித்தார். 1920ஐ ஒட்டித் தொழிலாளர் துறை நம் குடியிருப்புகளில் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியது. அப்பள்ளிகளில் பணியேற்ற நம் இளைஞரே பல குடும்பங்களில் முதல் மாதச் சம்பளக்காரர். அவர்கள் பெற்ற பயிற்சி குறைவு, பொறுப்போ பெரிது. ஐந்து வகுப்பையும் ஒருவரே ஒரே அறையில் நடத்தினர். ஊருக்குள் வீடு கிடைக்காமல் நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்தோரும் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அருகில் ஆளில்லை.

நூற்பும் நயா பைசாவும்

1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம், தொழிலின் வழியே பாடம் கற்பிக்க வேண்டும் என்றது. விடுதலைக்குப் பின் நம் மாநிலத்தின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் படிப்படியாக ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளாயின. தக்ளியில் நூற்ற நூலின் நீளத்தை எண்ணிப் பெருக்கல் சொல்லித்தர வேண்டும் என்பது போன்ற கருத்துகள் நல்லனவே. ஆனால் தொழில் என்றதும் நம் மக்கள் ஐயுற்றதற்கும் காரணம் இருந்தது. 1953இல் வந்த அரைநேரப் பள்ளித் திட்டம் குலக்கல்வித் திட்டம் என்று கண்டிக்கப்பெற்று, மறு ஆண்டே கைவிடப்பட்டதை மூத்தோர் அறிவர்.

அதன் பின் வந்ததொரு மாற்றம் கணக்காசிரியர் அனைவரையும் மீண்டும் மாணவராக்கியது. 12 பைக்கு ஓர் அணா, 16 அணாவுக்கு ஒரு ரூபாய் என்று காலங்காலமாகப் போட்டுவந்த கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று மாறியது. ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆயிற்று. 1958 முதல் மெட்ரிக் எடைகளும் அளவைகளும் படிப்படியாக வந்தன. ஊருக்கு ஊர் வேறுபட்ட மரக்காலும் படியும் சட்டத்தில் இடமிழந்தன. கூலி அளப்பதற்கு ஒரு மரக்கால், வாரம் அளப்பதற்கு ஒரு மரக்கால் என்றிருந்த சூழ்ச்சிக்கு எதிராக, எங்கும் ஒரே அளவாகிய கிலோ நம் மக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு என்றே சொல்லலாம். வாத்தியாரிடம் புது வாய்பாட்டைப் படித்த சிறுவனே மாலையில் வீட்டுக்கு வந்து தாய் தந்தையருக்குப் புதுக் காசைக் கணக்கிட்டுக் காட்டினான். கணக்காசிரியர் திருந்தினால் குடும்பத்தின் கணக்கும் திருந்தும் என்பதை அக்காலம் மெய்ப்பித்தது.

ஒரு சிறுமியின் வினா

இனி நாம் கண்ணாற் கண்டதைக் கூறுவோம். 1990களின் முற்பகுதியில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியராகப் பணியேற்றோம். 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாக, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றியிருந்த காலம் அது. கரும்பலகைத் திட்டத்தின் கீழ் வந்த கணக்குக் கருவிப்பெட்டி ஒன்றும் எம் பள்ளியில் இருந்தது. தொலைந்தால் கைப்பணம் கட்ட வேண்டும் என்னும் அச்சத்தால் அது பீரோவுக்குள் பூட்டப்பட்டிருந்தது. அப்பூட்டைத் திறக்காத குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் கழித்தல் கணக்கு நடத்தினோம். 42இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். "இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு, இரண்டு பன்னிரண்டாகும்" என்று, எமக்குச் சொல்லித்தந்தவாறே சொல்லித்தந்தோம். பாதிப் பிள்ளைகள் 25 என எழுதினர். மீதிப் பேர் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 35 என்று எழுதினர். அப்போது நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து கேட்டாள்:

"கடன் வாங்கினோமே சார், அதை எப்போ திருப்பிக் கொடுப்போம்?"

வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. "பேசாமல் உட்கார்ந்து போட்டுப் பழகு" என்று அதட்டினோம். கந்துக்காரன் வாசலில் வந்து நிற்பதை நாள்தோறும் காணும் வீட்டுப் பிள்ளை அவள். வாங்கிய கடன் திரும்பாத கணக்கு உலகில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் கேட்டதில் பிழையில்லை. நாம் சொன்ன சொல்லில்தான் பிழை.

அன்று மாவட்டப் பயிற்சி நிறுவனத்திலிருந்து வந்திருந்த முதிய விரிவுரையாளர் ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். பார்வைக் குறிப்பேட்டில் எம்மைப் பற்றி எழுதிவிடுவாரோ என்று நெஞ்சு படபடத்தது. அவர் எதுவும் எழுதவில்லை. நண்பகல் உணவுக்குப் பின் எம்மைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவித் துண்டுகளாக ஒடித்தார். பத்துப் பத்தாக வாழைநாரால் கட்டினார். நான்கு கட்டும் இரண்டு உதிரியும் வைத்து, "தம்பி, இதிலிருந்து பதினேழு எடுங்கள்" என்றார். ஒரு கட்டை அவிழ்த்தோம். உதிரி பன்னிரண்டாயிற்று. ஏழை எடுத்தோம்; ஒரு கட்டையும் எடுத்தோம். இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் மீந்தன. "யாரிடமாவது கடன் வாங்கினீர்களா?" என்று கேட்டார். வாங்கவில்லை, எம்முடைய கட்டையே எமக்காக அவிழ்த்தோம். அவ்வளவே!

நாற்பத்திரண்டு என்பது நான்கு பத்தும் இரண்டு ஒன்றும் மட்டுமன்று. மூன்று பத்தும் பன்னிரண்டு ஒன்றும் அதுவே. பள்ளியிலும் பயிற்சியிலும் இதனை எமக்கு யாரும் கையில் வைத்துக் காட்டியதில்லை. அவ்விரிவுரையாளர் தாமே வகுப்பெடுத்துப் பெயர் வாங்க முயலவில்லை. எம்மையே மறுநாள் எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்தார். அதன் பின்னும் சில முறை வந்து, "இன்று எந்தப் பிள்ளை என்ன தவறு செய்தது?" என்று மட்டும் கேட்டார். அந்த வினாவே எம்மைக் கணக்காசிரியராக்கியது. அதன் பின்னரே நாம் அஞ்சல்வழியில் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்றோம். பட்டங்கள் பதவி உயர்வு தந்தன. கணக்குக் கற்பிக்கும் கண் தாழ்வாரத்தில் கிடைத்தது.

அறிஞர் கண்ட உண்மை

எம் அனுபவம் தனிப்பட்டதன்று. 1980ஐ ஒட்டி அமெரிக்க அறிஞர்களாகிய புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகிய இருவரும் ஆசிரியர் பயிற்சிகளை ஆராய்ந்தனர். கூட்டத்தில் கேட்டதும் கண்டதும் வகுப்பறைக்குள் நுழைவதில்லை. வகுப்பறையிலேயே உடனிருந்து ஒருவர் துணை செய்யும்போதுதான் புதுமுறை நிலைபெறுகிறது என்பதே அவர்தம் முடிபின் சாரம்.

1999இல் லிபிங் மா என்னும் சீன அறிஞர் தொடக்கப் பள்ளிக் கணக்காசிரியர் பற்றி ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். சீன ஆசிரியர் 72 பேரையும் அமெரிக்க ஆசிரியர் 23 பேரையும் அவர் வினவினார். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொன்னபோது, சீன ஆசிரியர் அனைவரும் சரியாகச் செய்தனர். அமெரிக்கரில் பாதிப் பேர் கூடச் சரியாகச் செய்யவில்லை. ஒன்றே முக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்தால் மூன்றரை முறை வரும் என்பதே அதன் பொருள். கழித்தலைப் பற்றியும் அவர் வினவினார். கடன் வாங்குதல் என்று மட்டும் சொன்னவருக்கும், பத்தைப் பிரித்தல் என்று விளக்கியவருக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். வியப்பு யாதெனில், அச்சீன ஆசிரியர் பெரும்பட்டம் பெற்றவர் அல்லர். பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுப் பயிற்சி மட்டுமே பெற்றவர். ஆனால் அவர்கள் பள்ளிதோறும் குழுவாகக் கூடிப் பாடத்தையும் பிள்ளைகளின் ஐயங்களையும் ஆராயும் வழக்கமுடையவர்கள். ஏழை நாட்டு ஆசிரியரும் கூடிச் சிந்தித்தால் சிறக்க முடியும் என்பதை நம் இளைஞர் இதிலிருந்து உணர வேண்டும்.

அண்மைக்கால முயற்சிகள்

2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் வழியே, வட்டார வள மையங்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் வந்தனர். பள்ளிதோறும் சென்று ஆசிரியருக்குத் துணை நிற்பவர் ஒருவர் வேண்டும் என்னும் கருத்து அரசின் அமைப்பிலேயே இடம்பெற்றது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007 முதல் மாநிலமெங்கும் பரவிற்று. பிள்ளைகள் ஏணிப்படி போன்ற அட்டைகளின் வழியே தத்தம் விரைவில் கற்றனர். பூட்டிய பீரோவிலிருந்த மணிகளும் குச்சிகளும் பிள்ளைகளின் கைக்கு வந்தன. சில இடங்களில் அட்டையே ஆசிரியராகி, ஆசிரியர் அட்டை எடுத்துக் கொடுப்பவரானதும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் கண்டு கற்பிக்கும் அத்திட்டத்தில், பருவந்தோறும் ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.

இம்முயற்சிகளை நாம் குறைத்துக் கூறோம். எனினும் பயிற்றுநர் பதிவேடு சரிபார்க்க மட்டும் வந்தால், அவர் பழைய ஆய்வாளரின் புதிய பெயரே. பிள்ளையின் சிலேட்டைக் கையில் எடுத்து, "இவள் ஏன் 35 என எழுதினாள்?" என்று ஆசிரியரோடு சேர்ந்து சிந்தித்தால், அவரே மெய்யான துணைவர். திட்டங்கள் பெயர் மாறி மாறி வரினும், இந்த ஒரு வேறுபாடே நன்மையையும் வீண் செலவையும் பிரிக்கும் கோடு.

நாம் செய்யத்தக்கன

இளைஞர்களே! வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் தடுமாறினாலும் தனிவகுப்பு உண்டு. படித்த தாய் தந்தையர் உண்டு. நம் பிள்ளைக்கு அந்தப் பள்ளியும் அந்த ஆசிரியருமே உண்டு. மூன்றாம் வகுப்பில் பத்தைப் பிரிக்க அறியாத பிள்ளை ஆறாம் வகுப்பில் பின்னத்தில் இடறும். பத்தாம் வகுப்பில் கணக்கைக் கண்டு அஞ்சும். பின்னர் மருத்துவமும் பொறியியலும் தமக்கு உரியன அல்ல என்று தானே ஒதுங்கும். யாரும் கதவடைக்காமலே கதவு அடைபட்டுவிடும். இதனினும் கொடிய ஒதுக்கல் வேறில்லை.

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று செயல்களை முன்வைக்கிறோம். முதலாவது, மாலைப் படிப்பகங்களில் கணக்குச் சொல்லித்தரும் நம் இளைஞரும் இளம்பெண்களும் மாதம் ஒரு ஞாயிறு கூடவேண்டும். சொற்பொழிவு வேண்டா, பிள்ளைகளின் தவறான விடைகளை எழுதி வந்து, அவை எவ்வாறு தோன்றின என்று ஆராய்ந்தால் போதும். இரண்டாவது, ஓய்வுபெற்ற நம் ஆசிரியப் பெருமக்கள் படிப்பகத்தில் கடைசி வரிசையில் அமர வேண்டும். குறிப்பேடு எடுத்துவர வேண்டா. ஈர்க்கும் நாரும் எடுத்து வந்தால் போதும். மூன்றாவது, நம் ஊர்ப் பள்ளியின் ஆசிரியரைக் குறைகூறுமுன், அவருக்கு என்ன துணை கிடைத்தது என்று பெற்றோர் கேட்க வேண்டும். அத்துணையை அரசிடம் கேட்டுப் பெறுவதும் நம் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதியே.

கல்வியையே விடுதலையின் முதற்படியாக வைத்தார் அண்ணல் அம்பேத்கர். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும் மறு ஆண்டு சித்தார்த்தர் கல்லூரியையும் அவர் நிறுவியது அக்கருத்தினாலேயே. அப்படியில் ஏறும் நம் பிள்ளையின் கையைப் பிடிப்பவர் ஆசிரியர். அவ்வாசிரியரின் கையைப் பிடிப்பவர் நாமாக இருப்போம்.

அன்று வினாவெழுப்பிய சிறுமிக்கு மறுநாளே விடை கூறினோம். "யாரிடமும் கடன் வாங்கவில்லையம்மா, நம்மிடம் இருந்ததைத்தான் அவிழ்த்தோம்" என்றோம். அவள் ஒரு கணம் எண்ணிப் பார்த்துத் தலையசைத்தாள். நம் மக்களிடம் கட்டுண்டு கிடக்கும் ஆற்றலும் அத்தகையதே. பிறரிடம் கடன் வாங்க வேண்டிய தேவையில்லை. கட்டை அவிழ்க்கும் கைகளே வேண்டும். அக்கைகளை உருவாக்கும் பணியில் நம் சங்கம் பொன்விழாவும் கண்டு ஓங்குக!